மூன்று பேர், ஐந்து நாள், ஊட்டி

தா.பழூர் கடைத்தெருவில் உரக்கடைக் குழந்தைவேல் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அவர்தான் முதலாளி என்று நினைத்துக்கொண்டு கும்பிடு போடுவார்கள். அவர் முதலாளி இல்லை, பில் போடுகிறவர். இருபது வருஷத்துக்கு மேலாக அதே நாற்காலி, அதே மேசை, சட்டையில் அதே பூச்சிமருந்து வாடை. ஒரு மூட்டை யூரியாவுக்குப் பில் போட்டாலும் மூன்று தடவை கூட்டிப் பார்ப்பார். வரிசையில் நிற்கிறவனுக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவர் போட்ட பில்லில் தப்பு கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

அவருடைய ஊர் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஒன்றரை ஏக்கர் நிலம், ஓட்டு வீடு, மனைவி லீலாவதி, ஒரே மகள் பானுப்ரியா. இதைத் தவிர அவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் இருந்தது. அட்டையில் பில் போடுகிற அதே குண்டு எழுத்தில் 'டூர்' என்று எழுதியிருப்பார். திருச்சியைத் தாண்டி மேற்கே ஒரு அடி வைக்காத மனுஷன், ஊட்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஊட்டிக்காரனுக்கே தெரிந்திருக்காது. உர லோடு கொண்டுவருகிற லாரி டிரைவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து விசாரிப்பார். மேட்டுப்பாளையத்தில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், மலைப்பாதையில் வாந்தி வந்தால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், பூங்காவுக்குள் போக எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, எல்லாம் அந்த நோட்டில் ஏறிவிடும். "டீ வாங்கிக் குடுத்த காசுக்கே ஒரு தடவ போயிட்டு வந்திருக்கலாம்யா" என்று கடை முதலாளி கிண்டல் செய்வார்.

முதல் பக்கத்தில் தொண்ணூற்று ஆறாம் வருஷத்துத் திட்டம். அந்த வருஷம் மச்சினன் கல்யாணம் வந்தது, சீர் செய்ததில் டூர் பணம் போயிற்று. தொண்ணூற்று எட்டில் மோட்டார் காயில் எரிந்தது. இரண்டாயிரத்தில் பானுப்ரியாவுக்கு டைபாய்டு. ஒவ்வொரு வருஷமும் குழந்தைவேல் பழைய பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் புது விலைவாசிக்குத் தகுந்தபடி திரும்ப எழுதுவார். லீலாவதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "மத்தியானச் சாப்பாட்ட வெட்டிருங்க. நான் புளிச்சோறு கட்டியாந்துர்றேன்" என்பாள். அவர் அந்த வரியை அடிப்பார். எதை வெட்டலாம், எதை விடலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கிற அந்த அரைமணி நேரம்தான் பாதி டூர். வெளியே இருந்து கேட்கிறவன் நாளைக்கே கிளம்புகிறார்கள் என்று நினைப்பான்.

பானுப்ரியா பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்குச் சுற்றுலா போட்டார்கள். ஆளுக்கு அறுநூற்றைம்பது ரூபாய். ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் அது. வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. உரம் வாங்க ஆள் இல்லை, கடையில் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. குழந்தைவேல் மகளைக் கூப்பிட்டு, "பள்ளிக்கூடத்துல போனா ரெண்டே நாளு. ஓடு ஓடுன்னு வெரட்டுவாங்க. நாம மூணு பேரும் அஞ்சு நாளு போவோம். நீ கல்யாணமாகிப் போறதுக்குள்ள ஒன்னக் கூட்டிட்டுப் போறனா இல்லியா பாரு" என்றார். அவள் சரிப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எங்கேயாவது கைமாற்று வாங்கி அனுப்பியிருப்பார். அழாமல் போனதுதான் அவரைப் போட்டு அறுத்தது. அதற்கப்புறம் அந்த நோட்டு விளையாட்டு இல்லை. வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஐந்து மாசி மாதம் பானுப்ரியாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. அன்பழகன், குரும்பலூர்ப் பையன், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஆனி முதல் வாரத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. எல்லாரும் மண்டபம், நகை, பந்தல் என்று பேசிக்கொண்டிருக்க, குழந்தைவேல் மட்டும் உள்ளே போய் நோட்டை எடுத்து விரல் விட்டு எண்ணினார். பங்குனி, சித்திரை, வைகாசி. வைகாசி பாதியில் குறுவைக்கு உர லோடு இறங்க ஆரம்பித்துவிடும், கடையை விட்டு நகர முடியாது. மீதி இருப்பது சித்திரை ஒன்றுதான். இந்தச் சித்திரையை விட்டால் அவள் இன்னொரு வீட்டுப் பெண். அன்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

மனுஷன் வெறி பிடித்தவர் போல ஆகிவிட்டார். வெற்றிலையை விட்டார். டவுன் பஸ்ஸை விட்டு சைக்கிளுக்கு மாறினார். மிச்சப்பட்ட காசை டூருக்கென்று ஒரு டப்பாவில் போட்டார். கல்யாணத்துக்கு வாங்கிய கடனில் ஒரு பைசாவை டூர் டப்பாவில் போடவில்லை, டூர் டப்பாவில் இருந்து ஒரு பைசாவைக் கல்யாணத்துக்கு எடுக்கவும் இல்லை. "பொண்ணுக்கு நக பத்தல, ஊட்டி கேக்குதா ஒனக்கு?" என்று அவருடைய அக்கா பெரியம்மாள் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள். அவர் அன்றைக்கே தபாலாபீசுக்குப் போனார். லாரி டிரைவர் சொன்ன ஒரு லாட்ஜுக்கு அறுநூறு ரூபாய் மணியார்டர் அனுப்பினார். மூன்று பேர், மூன்று நாள் ரூம், போக வர இரண்டு நாள். சீசன் நேரம், அட்வான்ஸ் திரும்பத் தரமாட்டோம் என்று லாட்ஜ்காரன் போனில் கறாராகச் சொன்னான். மணியார்டர் ரசீதை நோட்டுக்குள் வைத்தார். வியாழக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு.

எல்லாவற்றையும் எழுதினார். செருப்பு அறுந்தால் தைக்க ஐந்து ரூபாய் என்றுகூட எழுதினார். மாரியம்மனை எழுதவில்லை.

அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. அந்த ஊரில் ஒன்பது வருஷமாகத் திருவிழாவே கிடையாது. முதல் மரியாதை யாருக்கு என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் மல்லுக்கட்டி, கோயிலைப் பூட்டிச் சாவியை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். அம்மன் உள்ளே, பூட்டு வெளியே. இரண்டு வருஷம் விளைச்சல் இல்லாமல் அடிபட்ட பிறகு, ஆத்தாளைப் பட்டினி போட்டதால்தான் இப்படி என்று இரண்டு பக்கமும் இறங்கி வந்தார்கள். வந்தவர்கள் அடுத்த வருஷம் வரக்கூடாதா? குழந்தைவேல் கிளம்புவதற்கு எட்டு நாள் இருக்கும்போது கோயில் மைக்கில் அறிவிப்பு வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு, அதற்கு அடுத்த செவ்வாய் தீச்சட்டி.

காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. வேலைக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். திருவிழா முடியும்வரை அப்படித்தான். மீறினவன் குடும்பத்துக்கு ஆகாது என்பது ஒரு பக்கம், மீறினவனோடு ஊர் பேசாது என்பது இன்னொரு பக்கம். கல்யாணத்தை வைத்துக்கொண்டு இரண்டில் எதையும் தாங்க முடியாது.

குழந்தைவேல் அன்று பில்லில் தப்புப் போட்டார். அவர் போட்ட முதல் தப்பு.

மறுநாள் காலையில் இளையபெருமாள் வீட்டு வாசலில் போய் நின்றார். திருவிழா பொறுப்பு அவரிடம்தான்.

"அண்ணே, ஒரு விவரம் கேக்கணும். காப்புக் கட்டையில ஊர்ல இல்லாதவனுக்குக் கட்டு உண்டா?"

இளையபெருமாள் பல் குச்சியை எடுத்தார். "அதெப்படிப்பா? ஊர்ல இருக்கறவனுக்குத்தான் கட்டு. மெட்ராஸ்ல இருக்கறவன் மெட்ராஸ்லதான் இருப்பான்."

"அப்ப மொத நாளே கெளம்பிட்டா தோசமில்லல்ல?"

"தோசமில்ல. ஆனா குழந்தவேலு, ஒம்போது வருசங்கழிச்சு நடக்குது. வெளியூர்ல இருக்கறவன்லாம் பஸ் ஏறி வரான். நீ பஸ் ஏறிப் போறேங்குற."

"பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேண்ணே" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஐம்பது வயது ஆள் ஊட்டிக்குப் போக அழுகிறானே என்று இளையபெருமாளுக்குச் சங்கடமாகிவிட்டது. "சரி சரி, போயிட்டு வா. தீச்சட்டிக்குள்ள வந்துரு" என்றார்.

லாட்ஜுக்குப் போன் போட்டுக் கெஞ்சி, ரூமை மூன்று நாள் முன்னால் மாற்றினார். ஒரு நாளைக்கு இருபது ரூபாய் கூடக் கேட்டான், சரி என்றார். முதலாளியிடம் கெஞ்சி லீவை மாற்றினார். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணி பஸ். செவ்வாய்க்கிழமை ஊர் காப்புக் கட்டும்போது அவர்கள் மலை ஏறிக்கொண்டிருப்பார்கள். ஒன்பது வருஷம் அடித்து அடித்து எழுதினதில் முதல் தடவையாக ஒரு பக்கம் அடிபடாமல் நின்றது. பானுப்ரியா ஞாயிற்றுக்கிழமையே பையைக் கட்டி வைத்துவிட்டாள். "ப்பா, போட்டுல முன்னாடி சீட்டு எனக்கு. இப்பயே சொல்லிட்டேன்" என்றாள். அவர் சிரித்தபடி நோட்டில் படகுச் செலவுக்குப் பக்கத்தில் அதையும் எழுதினார்.

மைக்கில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து லீலாவதி சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை கட்டின புளிச்சோற்றை மகள் ருசி பார்த்துவிட்டு உப்பே இல்லை என்றாள். அதையும் அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் ஐந்தரைக்கே மூன்று பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. அப்போது லீலாவதி கையில் இருந்த தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, நான் வரல."

"என்ன சொல்ற?"

"நான் வேண்டிக்கிட்டிருக்கேங்க. தீச்சட்டி எடுக்குறேன்னு. நாளைக்கு நான் கையில காப்புக் கட்டியாவணும்."

குழந்தைவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்ப வேண்டிக்கிட்ட? எதுக்கு?"

"இந்த வருசமாவது தடங்கல் இல்லாம நாம மூணு பேரும் ஊட்டிக்குப் போவணும்னு. தை மாசம், பூட்டிக் கெடந்த கோயில் வாசல்ல நின்னு வேண்டிக்கிட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். "திருவிழாவே இல்லாத ஊர்ல போயி தீச்சட்டியா?"

"அதனாலதாங்க." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "முடி எறக்குறேன்னு வேண்டிக்கிட்டா பஸ் செலவு. பொங்க வக்கிறேன்னா அரிசி, வெல்லம். எத வெட்டலாம், எத விடலாம்னு நீங்க தவிக்கிறத பாத்துக்கிட்டே இருக்கேன். திருவிழாதான் நடக்கவே போறதில்லியே, தீச்சட்டின்னா ஒரு செலவும் இல்லன்னு நெனச்சேன். இப்புடி ஆத்தா கதவத் தொறப்பான்னு யாரு கண்டா?"

பஸ் வளைவில் திரும்பியது. குழந்தைவேல் பதறினார். "இங்க பாரு லீலா. தடங்கல் இல்லாம போயிட்டு வந்தாத்தானே தீச்சட்டி? இன்னும் நாம போவவே இல்லியே! போயிட்டு வந்து அடுத்த வருசம் எடு. கணக்கு நேராயிரும்."

"ஆத்தாகிட்ட பில் போட்டா பேசுவீங்க? ஆறு வாரத்துல பொண்ணு கழுத்துல தாலி ஏறணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க தாங்குறது? நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் சந்தோசமாத்தான் சொல்றேன். போங்க."

பஸ் நின்றது. குழந்தைவேல் மகளைப் பார்த்தார். சரி, போகலாம்ப்பா என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று அந்த ஒரு நொடி ஆசைப்பட்டார். பெற்றவளை நிறுத்திவிட்டுப் போக ஆசைப்பட்டதற்காகப் பின்னால் எத்தனையோ நாள் வெட்கப்பட்டார். ஆனால் அப்போது ஆசைப்பட்டது உண்மை.

பானுப்ரியா பஸ்ஸின் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். "அம்மா இல்லாம வேணாம்ப்பா" என்றாள். இந்தத் தடவையும் அழவில்லை.

"ஏறுறீங்களா, இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினார். குழந்தைவேல் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். விசில் ஊதிவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அவர் பெண்டாட்டியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "எல்லாத்தையும் எழுதினேன். ஒன்ன எழுத மறந்துட்டேன்." திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு பின்னால் நடந்து வந்தாள்.

செவ்வாய்க்கிழமை லீலாவதி காப்புக் கட்டிக்கொண்டாள். அடுத்த செவ்வாய் மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாகத் தீச்சட்டி எடுத்தாள். கூட்டமெல்லாம் குலவை போட்டது. குழந்தைவேல் கடைசியில் ஒரு ஓரமாக நின்று பார்த்தார். கும்பிடக் கை எழவில்லை. இந்த வேண்டுதலை நிறைவேற்றாமலே கூலியை வாங்கிக்கொண்டாயே என்று அம்மன்மேல் அவருக்கு ஆத்திரமாக வந்தது. சூடு தாங்காமல் லீலாவதி உதட்டைக் கடித்துக்கொண்டு அவரைக் கடந்து போனபோது அந்த ஆத்திரமும் நிற்கவில்லை, அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அதைச் சொல்லத் தெரியவில்லை.

டூர் டப்பாவில் இருந்த பணம் கல்யாணப் பந்தியில் வடையும் பாயசமுமாகப் போயிற்று. லாட்ஜ்காரன் அறுநூறைத் திருப்பித் தரவில்லை. ஆனி மாதம் பானுப்ரியா தாலி கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனாள். அவள் போன மறுநாள் குழந்தைவேல் அலமாரியைத் திறந்து நோட்டைத் தேடினார். காணவில்லை. பரண், பெட்டி, அரிசிப் பானைக்குப் பின்புறம் எல்லாம் பார்த்துவிட்டார். லீலாவதி அடுப்பில் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. அந்த வீட்டில் அதற்கப்புறம் ஊட்டி என்ற பேச்சே எழவில்லை. சாயங்காலத்து அந்த அரைமணி நேரம் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தது. அவர் வாசலில் இருப்பார், அவள் உள்ளே இருப்பாள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் கடை போன் அடித்தது. முதலாளி எடுத்துவிட்டு, "ஒனக்குத்தான்யா, மக" என்று நீட்டினார்.

"ப்பா, நான்தாம்ப்பா. ஊட்டிலேருந்து பேசுறேன்."

குழந்தைவேல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கம்பெனி நாலு நாளு லீவுப்பா. அவங்க கூட்டியாந்தாங்க. நோட்டு எங்கிட்டதாம்ப்பா இருக்கு. சொல்லாம எடுத்தாந்துட்டேன், திட்டாதீங்க. நீங்க எழுதுன மாதிரியேதாம்ப்பா எல்லாம் இருக்கு. மேட்டுப்பாளையத்துல அந்த டீக்கடகூட இருக்கு. பூங்கா டிக்கெட்டுதான் ரெண்டு ரூவா ஏறிருச்சு. போட்டுக்கு அஞ்சு ரூவா கூட. நான் முன்னாடி சீட்டுலதாம்ப்பா ஒக்காந்தேன்."

அவர் காதில் போனை இடுக்கிக்கொண்டு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் 2 என்றும் 5 என்றும் எழுதினார். எதற்கு எழுதுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. யூரியாவுக்கு நின்றவர் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

"அந்த லாட்ஜுக்கும் போனோம்ப்பா. மணியார்டர் ரசீது நோட்டுல இருந்துச்சுல்ல, அதக் காட்டுனேன். லாட்ஜ்காரரு பெரிய நோட்ட எடுத்துப் பொரட்டிப் பாத்தாரு. குழந்தைவேல், தா.பழூர், மூணு பேருன்னு எழுதியிருக்குப்பா. அதுக்கு நேரா…"

"அதுக்கு நேரா?"

"செவப்பு மையில வரவில்லைன்னு எழுதியிருக்குப்பா."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்கு அழாதவள், பஸ் நிறுத்தத்தில் அழாதவள், மூன்று வருஷத்து அழுகையையும் சேர்த்து எஸ்டிடி பூத்தில் நின்று அழுதாள். "அழுவாத. மீட்டர் ஓடுதும்மா. மாப்ளய நிக்க வைக்காத" என்றார் குழந்தைவேல். அப்புறம், "குளிருதா?" என்று கேட்டார்.

"ரொம்பக் குளிருதுப்பா."

அன்று சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் நேராக அடுப்படிக்குப் போனார். லீலாவதி நிமிர்ந்து பார்த்தாள். மகள் ஊட்டிக்குப் போனதைச் சொன்னார், நோட்டு அவளிடம் இருப்பதைச் சொன்னார்.

"நீங்கதான் கிழிச்சுப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் லீலாவதி.

"நீ எரிச்சுட்டேன்னு நான் நெனச்சேன்."

"வேற என்ன சொன்னா?"

"அந்த லாட்ஜுக்குப் போனாளாம். நம்ம பேரு அவங்க நோட்டுல எழுதியிருக்காம்."

"என்னன்னு எழுதியிருக்கு?"

குழந்தைவேல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "குழந்தைவேல், தா.பழூர், மூணு பேருன்னு."

"வேற ஒண்ணும் எழுதலியா?"

"வேற ஒண்ணும் எழுதல."

லீலாவதி அடுப்பில் எரிந்த விறகை உள்ளே தள்ளினாள். "என்னையும் சேத்தா மூணு?" என்று கேட்டாள்.

"ஒன்னையும் சேத்துத்தான்" என்றார்.